கார் பாஸ் ஆகட்டும்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். மாமனார் கூப்பிட்டதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவரைக் கேட்டுப் பால்காரர் கூப்பிட்டார். கடைசியில் தபால்காரர்கூட, "மாப்பிள்ளை, ஒரு கையெழுத்து" என்று வாசலில் நின்று குரல் கொடுத்தார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கல்யாணமான மறுவாரம் ஒரு பெட்டியோடு அந்த வீட்டுக்குள் நுழைந்தவர், மகள் ஆறாவது படிக்கிற வரைக்கும் அங்கேதான் இருந்தார்.

அவருக்கு டைல்ஸ் கடையில் வேலை. சுவரோரம் சாய்த்து வைத்த மாதிரிப் பலகைகளுக்கு நடுவே நாள் முழுக்க நின்று, குளியலறைக்கு எது வழுக்காது, சமையலறைக்கு எது கறை பிடிக்காது என்று சொல்லிக்கொண்டிருப்பார். கடையில் அவருக்கு நல்ல பெயர். குரலை உயர்த்த மாட்டார். இரண்டு டைல்ஸ் உடைந்துவிட்டது, அதே நிறத்தில் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களிடம், "அதே பேரு இருக்கு, அதே நம்பரும் இருக்கு. ஆனா சூளை மாறினா நிறம் மாறிடும். பரவாயில்லையா?" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

மாமனார் அவரைக் கண்டுபிடித்ததும் அந்தக் கடையில்தான். மாமனாருக்கு ஐஸ் ஃபாக்டரி இருந்த காலம் அது. வீட்டுக்கு டைல்ஸ் வாங்க வரவில்லை, கார் ஷெட்டுக்கு வாங்க வந்திருந்தார். வெள்ளை டைல்ஸ்தான் வேண்டும், ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகினாலும் தெரிய வேண்டும் என்றார். ஒரு மாதிரி டைல் அடுக்குக்குப் பின்னால் விழுந்துவிட, இவர் மெலிந்த கையைச் சந்துக்குள் விட்டு அதை லாவகமாக எடுத்தார். மாமனார் டைலைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

இந்தக் கதையை மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஊருல எல்லாரும் மாப்பிள்ளையோட சம்பளத்தைப் பார்ப்பாங்க, குடும்பத்தைப் பார்ப்பாங்க. எங்க வீட்டுக்காரர், எஞ்சினுக்குப் பின்னாடி கை போகுமான்னு பார்த்துப் பொண்ணு கொடுத்தாரு."

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கோ ஒரு பெரிய மாளிகையின் சாமான்களை ஏலம் விட்டபோது மாமனார் அதை எடுத்திருந்தார். தயாரித்த கம்பெனியின் பெயரைச் சொன்னாலே கேட்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நீண்ட மூக்கு, வட்ட விளக்குகள். முன்னால் டிரைவருக்குத் தோல் இருக்கை, பின்னால் முதலாளிக்கு நீலக் கம்பளித் துணி போட்ட சோபா. இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அந்தக் கண்ணாடியின் நாலு மூலையிலும் கொடி செதுக்கியிருக்கும். அந்தக் கண்ணாடி இறங்காது. டிரைவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருந்தது. பின் இருக்கையின் கைப்பிடிக்குப் பக்கத்தில் புனல் மாதிரி வாய் வைத்த ஒரு குழாய் உண்டு. பின்னால் இருப்பவர் அதில் பேசினால் டிரைவர் காதருகே இருக்கும் மறுமுனையில் கேட்கும்.

கல்யாணத்துக்கு முன்பே மாமனார் காருக்குச் செய்யாத அழகு இல்லை. பளபளவென்று சிவப்புச் சாயம் அடித்து, முன் இருக்கைக்குப் புது ரெக்ஸின் போட்டு, பழைய வண்டிகளுக்கான சங்கத்தாரை வரவழைத்தார். அவர்களுடைய உண்மையான கிளாசிக் வரிசையில் தன் கார் ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர்கள் வந்தது மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்த புதிதில். மூன்று பெரியவர்கள் வந்தார்கள். காரைச் சுற்றி வந்தார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். கடைசியில், "பழைய கார் வரிசையில போட்டுக்கறோம்" என்றார்கள்.

மாமனாருக்கு முகம் செத்துவிட்டது. "இத்தனை வருஷப் பழசு. இதைவிட என்ன வேணும்?"

மூவரில் வயதானவர் பொறுமையாகச் சொன்னார். "பழசா இருக்கறது மட்டும் போதாது சார். எங்க வீட்டு இரும்புப் பெட்டிகூடப் பழசுதான். கிளாசிக்னா, அது செஞ்ச காலத்துலயே அதுக்கு மேல ஒண்ணு இருந்திருக்கக் கூடாது. கணக்கு வழக்கு இல்லாம செஞ்சு தள்ளியிருக்கக் கூடாது. அந்த வகையில உங்க வண்டிக்கு யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். நீங்க அதுக்கு மேக்கப் போட்டு வெச்சிருக்கீங்க."

அன்றிலிருந்து போட்டதையெல்லாம் கழற்றும் வேலை ஆரம்பித்தது. சிவப்பைச் சுரண்டினால் கீழே பச்சை, பச்சையைச் சுரண்டினால் அதற்கும் கீழே பழைய கறுப்பு. அந்தக் கறுப்புக்குக் கீறல் விழாமல் மேலே இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். மாமனாருக்குக் கண் கொஞ்சம் மங்கல். ஆகவே மாப்பிள்ளைதான் ஞாயிறு தோறும் சுரண்டினார். மற்றவர்கள் புது மனைவியோடு கடற்கரைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மட்கார்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

சாயம் முழுக்கப் போனதும் அவர் முதல் முறையாக வாயைத் திறந்தார். தனியாக ஒரு சின்ன வீடு பார்க்கலாமா என்றார்.

"தாராளமா பாருங்க மாப்பிள்ளை. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? கார் பாஸ் ஆகட்டும். அப்புறம் போங்க."

இரண்டாவது முறை சங்கத்தார் வந்தபோது வெளிப்பூச்சில் குறை சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து எஞ்சின் நம்பரைப் படித்தார்கள். வண்டியின் தகட்டில் ஒரு நம்பர், எஞ்சினில் வேறு நம்பர். "உடம்பு ஒருத்தரோடது, இதயம் இன்னொருத்தரோடது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த இதயத்தைத் தேடிக் கண்டுபிடித்ததும் மாப்பிள்ளைதான். ஒரு செங்கல் சூளையில் அது தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. தேடியதில் சில வருஷம் போனது, கழுவி, பிரித்து, பூட்டியதில் சில வருஷம் போனது. கழற்றிய சாமான்கள் எல்லாம் வீட்டின் இரண்டாவது அறையில் போய் உட்கார்ந்தன. மகள் பிறந்து வளர்ந்து, அந்த அறையில்தான், உதிரி ஹெட்லைட்டுகள் அடுக்கிய பலகைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். கிரீஸ் வாசனை அடிக்காத பாடப்புத்தகம் அவளிடம் ஒன்றுகூட இல்லை.

வீடு பார்க்கும் பேச்சு இடையிடையே வரும். ஒவ்வொரு தடவையும் மாமனார் கோபப்படாமல், கெஞ்சுகிற குரலில், அதே பதிலைச் சொல்லுவார். கார் பாஸ் ஆகட்டும். அவர் கத்தியிருந்தால் இவரும் கத்தியிருக்கலாம். கெஞ்சுகிற மனிதரிடம் எப்படிக் கத்துவது? மாமியார் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பார். மனைவி அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருப்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இப்படி இருக்கும்போதுதான் டைல்ஸ் கடை முதலாளி பக்கத்து ஊரில் இரண்டாவது கடை திறந்தார். "நீங்கதான் போய்ப் பார்த்துக்கணும். கடைக்கு மேல ரெண்டு ரூம், ஒரு சமையலறை, மொட்டை மாடி இருக்கு. குடும்பத்தோட இருக்கலாம். இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா என் மச்சான் பையனைப் போடச் சொல்லி வீட்டுல நெருக்கறாங்க."

அதே மாதம்தான் சங்கத்திலிருந்து மூன்றாவது முறையாக ஆள் வருவதாக இருந்தது.

வருகிற நாளன்று மாப்பிள்ளை கடைக்கு லீவு போட்டார். மாமனார் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு, பரிசோதகரை அழைத்து வர ரயில் நிலையத்துக்கு ஆட்டோவில் போனார். போகிறபோது, "பின்சீட்டுல ஒரு தடவை பிரஷ் போட்டுடுங்க மாப்பிள்ளை. கம்பளியில தூசி தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு பின்பக்கம் ஏறினார். ஷெட்டுத் தூசி உள்ளே வரக் கூடாது என்று கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். கதவுக்குள்ளே எங்கோ 'டிக்'கென்று ஒரு சின்னச் சத்தம். அப்போது அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருக்கையைத் துடைத்து முடித்துக் கைப்பிடியைத் திருகியபோது அது எதையும் பிடிக்காமல் கழன்ற பல் மாதிரி ஆடியது.

மறுபக்கக் கதவு திறக்காது. அதன் மரச்சட்டம் தொய்ந்திருந்தது. திறந்தால் மறுபடி மூடாது என்று பயந்து, உள்பக்கத் துணிக்கு அடியில் திருகாணி முறுக்கி அதை நிரந்தரமாகச் சாத்தி வைத்திருந்தார் மாமனார். ஜன்னல் கண்ணாடிகளை இறக்கலாம் என்றால் இறக்கும் கைப்பிடிகள் இல்லை. யாராவது சுற்றி உடைத்துவிடுவார்கள் என்று அவற்றையும் கழற்றித் துணியில் சுற்றி இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். பரிசோதகர் வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அலமாரிச் சாவி அவர் இடுப்பில். திருகாணியைக் கழற்ற மாப்பிள்ளையின் கையில் இருந்தது ஒரு துணி பிரஷ்.

முன்பக்கம் கொடி செதுக்கிய கண்ணாடி. மேலே வெயிலில் காய்கிற ஷெட்டின் தகரக் கூரை. அவர் முதலில் தட்டினார். பிறகு கூப்பிட்டார். பிறகு, அந்த வீட்டில் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். கத்தினார்.

மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள். வெளிக் கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள், காலை ஊன்றி இழுத்துப் பார்த்தாள். மாமியாரும் வந்து இழுத்தார். கதவு அசையவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"ரயில் இப்பத்தான் வந்திருக்கு. எதையும் உடைச்சிடாதீங்க! நான் வந்துடறேன்" என்றார் மாமனார்.

"அவரு உள்ள மாட்டிக்கிட்டாருப்பா."

"அதான்மா சொல்றேன். உடைச்சிடாதீங்க."

மாமனார் வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளையின் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கூட வந்த பரிசோதகர் ஒரு நடுத்தர வயது அம்மாள். தோளில் பை, கையில் நீளக் குச்சியின் முனையில் பொருத்திய கண்ணாடி. மாமனார் அவரை நேரே கூடத்துக்கு அழைத்துப் போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தார். டீ கொடுக்கச் சொல்லி மாமியாருக்குக் கண் காட்டினார். பிறகு பூனை மாதிரி ஷெட்டுக்கு வந்தார்.

கைப்பிடியைத் திருகினார். ஜன்னல் கைப்பிடிகள் அலமாரியில் இருந்தன, ஆனால் அவற்றை உள்பக்கம்தான் மாட்ட முடியும். மெக்கானிக்குக்குப் போன் செய்தார். மெக்கானிக் வேறு ஊரில் இருந்தார். "கதவைக் கிழிக்கணும், இல்லன்னா கண்ணாடியை உடைக்கணும். ரெண்டும் வேண்டாம்னா நான் சாயந்தரம் வர்ற வரைக்கும் பொறுங்க" என்றார்.

மாமனார் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. அது மாப்பிள்ளைக்காகவா காருக்காகவா என்று மாப்பிள்ளைக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"மாப்பிள்ளை, சாயந்தரம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்க முடியுமா?"

உள்ளே இருந்தவர் தலையை ஆட்டினார். முடியும் என்று.

இதைக் கேட்டால் கோபம் வரும். ஆனால் அவருடைய கணக்கு வேறு. கண்ணாடி உடைந்தால் கார் பாஸ் ஆகாது. பாஸ் ஆகாவிட்டால் இன்னும் எத்தனை வருஷமோ. அதற்குள் முதலாளியின் மச்சான் பையன் அந்த மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருப்பான். இந்தப் பெட்டிக்குள் இன்றைக்கு ஒரு நாள் வெந்தால் மிச்சக் காலத்துக்கு வெளியே போய்விடலாம் என்று அவர் நினைத்தார்.

மாமனாருக்கு அதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. "அந்தம்மா வந்து பாக்கும்போது நீங்க உள்ள சும்மா உக்காந்திருக்கற மாதிரி இருங்க. நல்லா சாஞ்சு, கால் மேல கால் போட்டு. பின்சீட்டு எவ்வளவு சொகுசுன்னு அவங்களுக்கும் தெரியும்."

மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாய்ந்தார். கால் மேல் கால் போட்டார்.

பரிசோதகர் வந்தார். மாமனார் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். அதைத் தூக்கியதும் முன்னால் நிற்பவர்களுக்கு வண்டியின் உள்பக்கம் மறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மனைவி சத்தமில்லாமல் முன்கதவைத் திறந்து டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். காதருகே இருந்த குழாயை வாயில் வைத்தாள்.

"ஏங்க."

பின்னால் புனலில் இருந்து அவள் குரல் வந்தது. மாப்பிள்ளை திடுக்கிட்டார். அந்தக் குழாயைச் சுத்தம் செய்திருக்கிறாரே தவிர, அதில் யாரும் பேசி அவர் கேட்டதில்லை. பேச வாயையும் கேட்கக் காதையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருந்தது.

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது. கொஞ்சம் தலை சுத்துது."

"உடைச்சிடறேன்."

"வேண்டாம் வேண்டாம். இன்னிக்குப் பாஸ் ஆயிட்டா நாம போயிடலாம்ல."

அவள் பானெட் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு, "உங்களுக்கு நிஜமாவே போகணுமா?" என்றாள்.

"என்ன கேள்வி இது? இத்தனை வருஷமா நான் என்ன சொல்லிட்டிருக்கேன்? நீதான் ஒரு நாளும் போலாம்னு சொன்னதில்ல."

"நீங்க என்னை எப்பக் கேட்டீங்க?"

அவர் புனலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் அப்பாவைத்தான் கேட்டீங்க. அவரு கார் பாஸ் ஆகட்டும்பாரு. நீங்க சரிங்க மாமான்னுட்டு எழுந்து கை கழுவப் போயிடுவீங்க. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். உள்ள வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். உங்களுக்கே அவ்வளவா ஆசை இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய பின்கழுத்து தெரிந்தது. வியர்வையில் முடி ஒட்டியிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பானெட்டுக்கு முன்னால் பரிசோதகரின் குரல் கேட்டது. "எஞ்சின் நம்பர் சரியா இருக்கு சார். சேஸி நம்பரும் சரி. ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க." மாமனார் அவரைப் பார்த்துக் கை கூப்பினார்.

மாப்பிள்ளை புனலில் வாயை வைத்தார். "இப்பக் கேக்கறேன். போலாமா?"

 அவள் குனிந்து இருக்கைக்குக் கீழே எதையோ இழுத்தாள். எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்புகிற கனத்த இரும்புக் கம்பி அது. பிறகுதான் குழாயை எடுத்தாள்.

"கால்மாட்டுல கிடக்கற கம்பளத்தைத் தலையோட போத்திக்கங்க. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கங்க."

"கொஞ்சம் இரு..."

"திருப்பிக்கங்கன்னு சொன்னேன்."

முதல் அடியில் கண்ணாடி வெடித்து வலை மாதிரி கீறல் விட்டது. இரண்டாவது அடியில் கொடியும் பூவுமாக உள்ளே கொட்டியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, பானெட்டுக்கு முன்னால் மாமனார் அப்படியே வாயைத் திறந்தபடி நின்றார். பரிசோதகர்தான் ஓடி வந்தார். முன்பக்கத்து வழியாக மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டு வந்து, வெள்ளை டைல்ஸ் தரையில் உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

"இவரு எவ்வளவு நேரமா உள்ள இருக்காரு?" என்று கேட்டார்.

மாமனார் காருக்குள் கொட்டிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"நான் டீ குடிச்சப்பவே உள்ளதான் இருந்தாரா?"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார்.

பரிசோதகர் எழுந்து போய்க் கதவுக் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். மறுபக்கக் கதவையும் பார்த்தார். துணியை விரலால் தடவி, அடியில் இருந்த திருகாணித் தலைகளைக் கண்டுபிடித்தார். ஜன்னல் கைப்பிடி இருக்க வேண்டிய வெற்றுத் தண்டுகளையும் தொட்டுப் பார்த்தார்.

"கண்ணாடி போனதுதான்மா எல்லாத்தையும் கெடுத்துடுச்சு" என்று மாமனார் மகளைப் பார்த்து ஆரம்பித்தார்.

"கண்ணாடிக்காக நான் ஃபெயில் போட மாட்டேன் சார்" என்றார் பரிசோதகர். "ஓடற வண்டியில கண்ணாடி உடையறது சகஜம். அதே மாதிரி செஞ்சு போட்டுக்கலாம், போட்டதைச் சொல்லிட்டாப் போதும். உங்க வண்டி நல்ல வண்டி. இந்த வகையில மிச்சம் இருக்கறதே விரல் விட்டு எண்ணற அளவுதான். ஆனா இது என்னத்துக்காகச் செஞ்ச வண்டி? ஆள் ஏறிச் சொகுசா போயி, இறங்கறதுக்காகச் செஞ்சது. ஏறினவங்க இறங்க முடியலன்னா, இதை நான் என்னன்னு எழுதறது? கதவு ரெண்டும் திறக்கணும், மூடணும். கண்ணாடி ஏறணும், இறங்கணும். எல்லாம் வேலை செய்யட்டும். அடுத்த வருஷம் வரேன்."

அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு மாமனார் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் மிகவும் கிழவராகத் தெரிந்தார்.

"ஒரே ஒரு வருஷம் மாப்பிள்ளை. கதவுதானே? பண்ணிடலாம். பாஸ் ஆயிட்டா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"சரிங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.  கையில் பாத்திரம் இல்லை. வழக்கம்போலக் கை கழுவ எழுந்த மாப்பிள்ளை பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து மாமனாருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"மாமா, நான் சரின்னது கதவுக்கு. ஞாயித்துக்கிழமை வந்து கதவைச் சரி பண்ணித் தரேன். நாங்க ஒண்ணாந்தேதி கிளம்பறோம்."

"இந்த நேரத்துல என்னை விட்டுட்டுப் போனா..."

"விட்டுட்டுப் போகல மாமா. பக்கத்து ஊருக்குப் போறோம்."

மாமனார் மகளைப் பார்த்தார். மகள் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். பிறகு அவர் மாமியாரைப் பார்த்தார்.

"போகட்டும் விடுங்க" என்றார் மாமியார். "கார்தான் ஷெட்டை விட்டு நகர மாட்டேங்குது. மனுஷங்களாவது நகரட்டும்."

அவர்கள் போனார்கள். கடைக்கு மேலே இரண்டு அறை. மகள் முதல் நாள் இரவு கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள், தலைக்கு மேலே எதுவும் இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மனைவி மொட்டை மாடியில் தொட்டிச் செடி வைத்தாள். மாப்பிள்ளைக்கு அந்த ஊரில் வேறு பெயர் கிடைத்தது, மேனேஜர். அப்படிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுவது போல அவர் கொஞ்ச நாள் திரும்பிப் பார்க்காமலே இருந்தார்.

சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனால் ஒன்று. குளியலறைத் தாழ்ப்பாளை அவரால் போட முடியவில்லை. கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டே குளிப்பார். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அளவெடுக்கப் போனால் லிஃப்டில் ஏற மாட்டார். உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு டைல்ஸ் பெட்டியோடு படி ஏறுவார். காரணம் மனைவிக்கு மட்டும் தெரியும். அவளும் லிஃப்ட் பக்கம் போகாமல் கூடவே படி ஏறுவாள்.

ஞாயிறு தோறும் சொன்னபடி போனார். மாமனார் அவரோடு பேசவில்லை. ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனரை நீட்டுவார், முகத்தை ஷெட்டு வாசல் பக்கம் திருப்பிக்கொள்வார். தச்சர் வந்து மரச்சட்டத்தைக் கழற்றிப் புதுத் துண்டு ஒட்டினார். கதவுப் பூட்டைப் பிரித்ததில் உள்ளே ஒரு சின்னக் கம்பி, குண்டூசி கனம்தான், ஒடிந்து கிடந்தது. மாப்பிள்ளை அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தூரப் போட்டார். மறு வருஷம் அந்த அம்மாள் மறுபடி வந்தார். எல்லாக் கதவையும் திறந்தார், மூடினார், பின்னால் ஏறி உட்கார்ந்து தெருவை ஒரு சுற்று சுற்றி வரச் சொன்னார். மாப்பிள்ளைதான் ஓட்டினார்.

பாஸ் ஆகிவிட்டது.

அன்றைக்கு மாமனார் எல்லோர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு பேச்சுக்குக் குறைவில்லை. தினமும் போன். ஆனால் போனில் சொன்னதெல்லாம் காரின் கவலை. சங்க வரிசையில் ஏறிய வண்டியை வாரம் ஒரு முறை ஓட்டியாக வேண்டும். விடுமுறை நாளில் பார்க்க ஆட்கள் வருவார்கள், வீட்டில் ஆள் இருக்க வேண்டும். ஒரு திருகாணி மாற்றினாலும் எழுதிப் போட வேண்டும். "அதை விட்டுட்டு ஒரு ராத்திரி வெளியில தங்க முடியல மாப்பிள்ளை. உங்க அத்தை தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு அவளை மட்டும்தான் அனுப்பினேன்."

மகளுடைய பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர் வந்தார். காலையில் வந்தவர் பேத்தி மேடையேறும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் பரிசு வாங்கி இறங்குவதற்குள் எழுந்துவிட்டார். மாப்பிள்ளையும் மனைவியும் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனார்கள்.

"ராத்திரி இருந்துட்டுப் போங்க மாமா."

"ஷெட்டுல மேற்குப் பக்கத் தகரம் ஓட்டையாயிடுச்சு. வானம் வேற இருட்டிட்டு வருது. ஒரு வாளியாவது வெக்கணும்" என்றார் மாமனார். கிழவரின் விரல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

நான் வந்து பார்க்கிறேன் மாமா என்பது மாப்பிள்ளையின் தொண்டைவரை வந்துவிட்டது. அவர் அதை விழுங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பண்ணலாம்?" என்று கேட்டார்.

அவள் வானத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை மூணு பேரும் போலாம். தகரத்தை மாத்திட்டு இருட்டறதுக்குள்ள திரும்பிடணும்."

பஸ் வந்தது. மாமனார் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, தகரம் என்ன அளவு வாங்க வேண்டும் என்று அங்கிருந்தே கையை விரித்துக் காட்டினார்.